பதினோராம் வட்டம்

டமார்!

டார்க் ரூமுக்குள் ஏதோ விழுந்து உருண்டது. பின்னாலேயே நஜ்முதீனின் குரல்.

"சார்! கொஞ்சம் இங்கன வாங்களேன்!"

டாக்டர் காளிராஜ் நாற்காலியை விட்டு எழுவதற்குள், கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு நஜ்முதீனே வெளியே வந்துவிட்டார். கையில் கிளிப்பில் தொங்கும் எக்ஸ்ரே படம். அதிலிருந்து படம் கழுவுகிற ஹைப்போ தண்ணீர் சொட்டி அவருடைய செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது.

"என்னய்யா உடைச்சே?"

"ட்ரே வழுக்கிட்டு. அதை விடுங்க. இதைப் பாருங்க. படம் மாறிப் போச்சா, ஆளே மாறிப் போச்சான்னு எனக்கு வெளங்கலை."

காளிராஜ் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஓர் இடது கை. விரல்கள், மணிக்கட்டின் சின்னச் சின்ன எலும்புகள், முன்கையின் இரண்டு எலும்புகள். அத்தனையும் தேய்த்துக் கவிழ்த்து வைத்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருந்தன. ஒரு மறு இல்லை.

"யார் கை இது?"

"அதைத்தானே நானும் கேக்கேன். மூலையில நம்பரைப் பாருங்க."

படத்தின் மூலையில் ஈய எழுத்தில் விழுந்திருந்தது: 4-11.

"இருக்காது" என்றார் காளிராஜ். சொன்ன வேகத்தில் மூக்குக் கண்ணாடி நழுவியது.

இருக்காது என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பதினோரு வருஷக் காரணம்.

பனவடலிசத்திரத்தில் வேல்சாமி என்று காடு உழுகிற ஒரு சம்சாரி இருந்தார். நாற்பது வயதுக்கு மேல் அவருடைய எலும்புகள் தடித்து, வெளுத்து, சாக்பீஸ் மாதிரி ஒடிய ஆரம்பித்தன. ஊர்க்காரர்கள் அதற்குச் சுண்ணாம்பெலும்பு என்று பேர் வைத்தார்கள். அவருக்குப் பிறகு தம்பி மகன். அப்புறம் ஒரு தலைமுறைக்கு ஒன்றுமில்லை. திடீரென்று அந்தத் தம்பி மகனின் பேரன். மதுரையில் மனித மரபியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காளிராஜ், தன் சொந்தச் சீமையிலேயே இப்படி ஒரு குடும்பம் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் துள்ளிக் குதித்து வந்தார். அவர் பிறந்ததும் பத்தாவது வரை படித்ததும் இதே சங்கரன்கோவிலில்தான்.

பெரிய தாளில் அந்தக் குடும்பத்தின் வம்சப் படத்தை வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவர்களுக்குக் கறுப்பு. நான்கு தலைமுறை, அறுபத்து மூன்று பேர். பதினெட்டு ஊர்களில் சிதறிக் கிடந்தவர்களைத் தேடி அவர் அலையவில்லை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அத்தனை பேரும் தாமாகவே சங்கரன்கோவிலுக்கு வந்துவிடுவார்கள். அவரும் வந்துவிடுவார். கூட்டத்தில் வளையல் பேரம் பேசுகிறவர்களைப் பிடித்து, "உங்க அப்பாவுக்குக் கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?" என்று கேட்பார். ராட்டினக்காரனை விட இந்த டாக்டருக்குத்தான் தபசு முக்கியம் என்று குடும்பத்தில் கேலி பேசுவார்கள்.

நோய் ஒரு தலைமுறை எங்கே போய்த் தூங்குகிறது? இதுதான் கேள்வி. அதற்கு 1975-இல் பதில் கிடைத்தது. பதிலின் பெயர் அன்னக்கிளி.

நான்காம் தலைமுறை, பதினோராம் எண். அப்போது வயது பத்தொன்பது. ஓர் எலும்பு ஒடிந்ததில்லை. ஆனால் மணிக்கட்டில் எட்டு வெள்ளைப் புள்ளிகள். ஆக, நோய் பெண்களின் உடம்பில் தூங்குகிறது; தூங்கும் இடத்தில் புள்ளி வைத்துவிட்டுப் போகிறது. காளிராஜ் அந்த வட்டத்தில் பாதியைக் கறுப்பாக்கினார். அந்தப் பாதிக் கறுப்பு அவரை டில்லிக்கும் லண்டனுக்கும் அழைத்துப் போனது. கல்யாணத்தைப் பற்றி யார் கேட்டாலும் "அடுத்த வருஷம்" என்று சொல்லவும் வைத்தது. ஐம்பத்தேழு வயதில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இல்லாமல் போனது.

வருகிற டிசம்பரில் ஓய்வு. ஆராய்ச்சி முழுவதும் புத்தகமாக வரப்போகிறது. அன்னக்கிளியின் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் போட வேண்டும் என்றார் பதிப்பாளர். அவளுக்கு ஒரு கார்டு போட்டார். மேலநீலிதநல்லூர் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள், இன்று காலை முதல் பஸ்ஸில் வந்தாள். கையை மேஜைமேல் வைத்தாள், எடுத்தாள். "கோயிலுக்குப் போயிட்டுப் பன்னெண்டு மணிக்கு வாரேன் சார்" என்று கிளம்பிவிட்டாள்.

இப்போது மணி பதினொன்று பத்து.

"பழைய படத்தை எடுங்க, பாப்போம்" என்றார் நஜ்முதீன்.

காளிராஜ் பழுப்பு உறையிலிருந்து உருவி லைட் பாக்ஸில் செருகினார். பக்கத்தில் ஈரப் படம். இரண்டும் ஒரே கை. சுண்டு விரல் எலும்பு உள்பக்கமாக லேசாக வளைந்திருப்பது உட்பட ஒரே கை. ஒன்றில் எட்டுப் புள்ளி. ஒன்றில் சுத்தம்.

நஜ்முதீன் பழைய படத்தை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். கடையநல்லூர்க்காரர். தபசு மண்டபத்துக்குப் பக்கத்துத் தெருவில் இந்த எக்ஸ்ரே நிலையத்தை ஆரம்பித்து எட்டு வருஷம் ஆகிறது. 1975-இல் காளிராஜே மதுரையிலிருந்து ஒரு சின்ன மெஷினை வேனில் கொண்டுவந்து, பனவடலிசத்திரம் பள்ளிக்கூடத்தில் வைத்து எடுத்த படம் அது.

நஜ்முதீன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். தாடையைச் சொறிந்தார்.

"சார், கோவிச்சுக்கிடாதீய. இது நோய் இல்லை. மண்ணு."

"என்ன மண்ணு?"

நஜ்முதீன் அலமாரிக்கு அடியில் கழித்துப் போட்டிருந்த படங்களைக் கிளறி ஒன்றை இழுத்தார். "இது வண்டிக்காரர் இசக்கிப்பாண்டியோட முழங்கால். போன மாசம் எடுத்தது. பாருங்க."

முழங்கால் முழுக்க அதே வெள்ளைப் புள்ளிகள். கூடப் பிறந்த புள்ளிகள்.

"கோயில் புத்துமண்ணைக் குழைச்சுப் பத்துப் போட்டு, மேல துணியைச் சுத்திக்கிட்டு வந்து உக்காந்தாரு மனுஷன். நான் டீ குடிக்கப் போன நேரம், என் மச்சினன் அப்படியே எடுத்துட்டான். துணி படத்துல விழாது. மண்ணு விழும். கட்டி தட்டிப் போன இடமெல்லாம் வெள்ளையா விழும். இந்த ஊருல எக்ஸ்ரேக்காரன் முதல்ல படிக்குற பாடமே இதான் சார். அதுக்காகத்தானே போர்டு வச்சிருக்கேன்."

காளிராஜ் திரும்பிப் பார்த்தார். நாற்காலிக்கு நேர் மேலே நீலப் பெயிண்டில் எழுதியிருந்தது: 'புற்றுமண் பூசியவர்கள் கழுவிவிட்டு வரவும்.'

எட்டு வருஷமாக அந்தப் போர்டுக்குக் கீழேதான் அவர் உட்கார்ந்து குறிப்பு எழுதியிருக்கிறார்.

மறுபடியும் பழைய படத்தைப் பார்த்தார். எட்டுப் புள்ளிகள் எலும்பின் மேல். இன்னும் இரண்டு, எலும்புக்கு வெளியே, சதை இருக்க வேண்டிய இடத்தில். பக்கத்தில் பென்சிலால் அவரே எழுதியிருந்தார்: 'ஃபிலிம் கேசட்டில் தூசி.' எட்டை நோய் என்றும் இரண்டைத் தூசி என்றும் பிரித்தது எந்தப் புத்தி?

பெட்டியிலிருந்து 1975-ஆம் வருஷத்து நோட்டை எடுத்தார். 4-11 என்ற பக்கம். உயரம், எடை, பல், நகம், கண், தாய்வழி, தந்தைவழி என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தது. கடைசிக்கு முந்தின வரி:

'இடது மணிக்கட்டில் துணிக்கட்டு. துணி படத்தில் விழாது. அவிழ்க்கவில்லை.'

அவருடைய கையெழுத்துதான். தேதி போட்டு, சுருக்கொப்பமும் போட்டிருந்தார்.

அன்றைய தினம் கண்முன் வந்தது. பள்ளிக்கூட வாசலில் வேன். ஜெனரேட்டர் சத்தத்தில் மிரண்டு ஓடிய ஆடுகள். வரிசையில் குடும்பத்து ஆட்கள். பாவாடை தாவணியில் ஒல்லியாக ஒரு பெண், மணிக்கட்டில் மஞ்சள் துணி. அவள் பின்னால் நின்று வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்த அம்மா இசக்கித்தாய். நேரமாகிக்கொண்டிருந்தது. டீசல் குறைவு. துணிதானே என்று விட்டுவிட்டார்.

சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அவருடைய நெற்றியிலும் அதே மண்ணைத்தான் பூசினார்கள். நாக்கில்கூடத் தடவினார்கள். வெளியூர்க்காரன் செய்திருந்தால் தெரியாமல் செய்தான் என்று சொல்லலாம். இவருக்கு அந்தச் சாக்கும் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் பெரிது. அந்த ஆவணியில் அன்னக்கிளிக்கும் அவள் தாய்மாமன் மகன் துரைப்பாண்டிக்கும் கல்யாணம் பேசியிருந்தார்கள். வம்சப் படத்தில் சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. காளிராஜ் முன்கூட்டியே பென்சிலால் அந்த இரட்டைக் கோட்டை இழுத்தும் வைத்திருந்தார். படம் வந்ததும் அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டு, "பிள்ளைகள் பிறந்தால் நோய் வரலாம்" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தை ஊரே சொல்லிக்கொண்டது. ஒரு மாதத்தில் துரைப்பாண்டி வேறு இடத்தில் தாலி கட்டினான். அன்னக்கிளியைப் பெண் கேட்டு அதன் பிறகு யாரும் அந்தத் தெருப்பக்கம் வரவில்லை.

காளிராஜ் ரப்பரால் கோட்டை அழித்தார். தடம் இன்னும் தாளில் இருக்கிறது.

"ஒரு தடவையாவது திருப்பி எடுத்துப் பாத்திருக்கலாமே சார்?" நஜ்முதீன் மெதுவாகத்தான் கேட்டார்.

"ஒரே கைக்கு மறுபடி மறுபடி கதிர் பாய்ச்சக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்த காளிராஜ் நிறுத்திக்கொண்டார். உண்மை அது இல்லை. பொருந்தாத படத்தைத்தான் எவனும் திருப்பி எடுப்பான். பொருந்திப் போன படத்தை யார் எடுப்பார்கள்?

திடீரென்று நிமிர்ந்தார்.

"இரு, இரு. வலி இருக்கே!"

"வலியா?"

"வருஷா வருஷம் வலி இருக்குன்னு சொல்லியிருக்கா. எல்லாம் எழுதியிருக்கேன்!" மற்ற நோட்டுகளை இழுத்துப் போட்டுப் புரட்டினார். தண்ணீரில் தவறி விழுந்தவன் கயிற்றைப் பிடிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் பிடித்தார். "எழுபத்தாறு: பனி நாளில் மணிக்கட்டில் குடைச்சல். எழுபத்தெட்டு: குடம் தூக்கினால் வலி. எண்பத்தொண்ணு: ராத்திரி தூக்கம் இல்லை. எண்பத்து நாலு: வலி தோள்வரை ஏறுகிறது. ஒரு வருஷம்கூட விடாமல் இருக்கு, பாரு! ஒண்ணுமில்லாத கை எப்படிய்யா பத்து வருஷம் வலிக்கும்? புள்ளி மறைஞ்சிருக்கலாம். நோயோட போக்கு அப்படி இருக்கலாம்."

நஜ்முதீன் அவரைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"சார், ஒண்ணு சொல்லுதேன். இந்தப் படம் இன்னும் ஹைப்போவுல சரியா ஊறலை. இப்படியே வெயில்ல போட்டா கறுத்துப் போயிரும். படம் கெட்டுப் போச்சுன்னு சொல்லிருவோம். ட்ரே விழுந்த சத்தத்தைத் தெருவுல போறவனே கேட்டிருப்பான், சாட்சிக்கு ஆள் தேட வேண்டாம். நீங்க பழைய படத்தை மட்டும் புஸ்தகத்துல போட்டுட்டு நிம்மதியா ரிட்டயர் ஆவுங்க. அந்தப் பிள்ளைக்கு இப்பத் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? போன வயசு பஸ் ஏறித் திரும்பி வரவா போகுது?"

காளிராஜ் எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

ஜன்னலுக்கு வெளியே தபசுப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூங்கில்கள் ஒவ்வொன்றாக வண்டியில் விழும் சத்தம். மதுரையில் தன் அறையை நினைத்துக்கொண்டார். அலமாரியில் அறுபத்து மூன்று பழுப்பு உறைகள். மேஜை டிராயரில் பத்துப் பொட்டலம் புற்றுமண். ஒவ்வொரு வருஷமும் அன்னக்கிளி கோயிலிலிருந்து வாங்கிவந்து கொடுப்பது. எறியவும் மனமில்லை, பூசவும் நேரமில்லை என்று உள்ளே தள்ளி வைத்தவை. இந்த மண்ணைப் பத்து வருஷம் டிராயரில் பூட்டி வைத்துக்கொண்டு எலும்பில் நோயைத் தேடியிருக்கிறார். அந்த அறையில் அவருக்கு வருகிற கடிதங்கள் எல்லாம் 'ஐயா, தங்கள் கட்டுரை கிடைத்தது' என்றுதான் ஆரம்பிக்கும். "சாப்பிட்டியளா சார்?" என்று அவரிடம் கேட்கிற ஒரே குரல் வருஷத்துக்கு ஒரு நாள், இந்த அறையில், பெஞ்சில் உட்கார்ந்தபடி கேட்கும்.

"படத்தைக் கொண்டுபோய் முழுசா ஊற வை" என்றார்.

"சார்..."

"ஊற வைய்யா. கழுவிக் காயப் போடு."

பன்னிரண்டடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்ன பாய், எங்கையைப் படம் புடிச்சுக் கொடியில காயப் போட்டாச்சா?"

அன்னக்கிளி. முப்பது வயது. பச்சைக் கரை போட்ட வெள்ளைச் சேலை, இடுப்பில் செருகிய சாவிக்கொத்து. பள்ளிக்கூடத்து அரிசி அறைச் சாவி.

"காய்ஞ்சுட்டு தாயி. சினிமாக்காரி கை தோத்துப் போகும், போ" என்று சிரிக்கப் பார்த்த நஜ்முதீன், முடியாமல் டார்க் ரூமுக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சாப்பிட்டியளா சார்? மூஞ்சி வாடியிருக்கே. இந்தாங்க, வழக்கம்போல." ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை மேஜையில் வைத்தாள். புற்றுமண்.

"உட்காரு, அன்னக்கிளி."

அவர் சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார். இரண்டு படத்தையும் காட்டினார். வண்டிக்காரரின் முழங்காலையும் காட்டினார். நோட்டில் தன் கையெழுத்தில் இருந்த அந்த வரியை விரல் வைத்துப் படித்தார்.

அன்னக்கிளி எழுந்து லைட் பாக்ஸுக்கு அருகில் போனாள். தன் இடது கையைப் புதுப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லையா சார்?"

"இல்லை."

"அன்னைக்கும்?"

"அன்னைக்கும் இல்லை."

மின்விசிறி கடகடவென்று சுற்றியது. அவள் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள்.

"நல்லவேளை, எங்கம்மா போய்ச் சேந்துட்டா" என்றாள். "படத்துல ஒண்ணும் விழுந்துரக் கூடாதுன்னு அவதான் மொத பஸ்ஸுல இங்கன வந்து மண்ணு எடுத்துட்டுப் போயி என் கையில வச்சுக் கட்டுனா. இதைக் கேட்டிருந்தா அன்னைக்கே நெஞ்சு வெடிச்சுச் செத்திருப்பா."

"என்னைத் திட்டு, அன்னக்கிளி."

"திட்டி?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"துரைப்பாண்டிக்கு இப்ப மூணு பிள்ளைய. கடைசிப் பய என் பள்ளிக்கூடத்துலதான் சாப்பிடுதான். 'அத்தை, இன்னொரு கரண்டி குழம்பு'ன்னு தட்டை நீட்டிக்கிட்டு நிப்பான். நான் ஊத்துவேன்." அவள் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். "புஸ்தகத்துல என்ன போடப் போறீய?"

"நடந்ததை. என் தப்புன்னு போடுவேன். உங்க ஊருக்கும் வந்து எல்லாரையும் கூட்டிச் சொல்லுவேன்."

"அப்ப உங்க பேரு?"

"போகட்டும்."

சொல்லிவிட்டார். ஆனால் உள்ளே கயிற்றின் கடைசி நுனியை விரல்கள் இன்னும் விடவில்லை. நோட்டுகளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஒண்ணே ஒண்ணுதான் எனக்குப் புரியலை. இதுக்கு மட்டும் உண்மையைச் சொல்லு. உன் பதிலை வச்சுத்தான் மிச்சம் ஏதாவது இருக்கா, மொத்தமும் போச்சான்னு நான் தெரிஞ்சுக்கணும். ஒவ்வொரு வருஷமும் வலி இருக்கான்னு கேட்டேன். ஒரு வருஷம் குடைச்சல்னே, ஒரு வருஷம் தூக்கமில்லைன்னே, தோள்வரைக்கும் ஏறுதுன்னே. நான் எழுதிக்கிட்டேன். எலும்புல ஒண்ணுமே இல்லாம அந்த வலி எங்கேருந்து வந்தது?"

அன்னக்கிளி நோட்டுகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றின் அட்டையிலும் வருஷம் எழுதி, கட்டம் கட்டியிருந்தது. மேலே கிடந்த நோட்டை மூடி, மற்றவற்றோடு சேர்த்து ஓரம் தட்டி அடுக்கினாள். இடது கையால்தான் அடுக்கினாள். மணிக்கட்டு லேசாக, ஒரு சிணுக்கமும் இல்லாமல் சுழன்றது.

தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"வலி இல்லைன்னு சொல்லியிருந்தா, அடுத்த வருஷம் என்னையத் தேடி வந்திருப்பீயளா சார்?"